இலக்கண விதியை முதலில் சொல்வதா, பேசவிட்டுப் பிறகு சொல்வதா?

பாலக்கோடு டீச்சர்:
அரசுப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவாக மாற்றச் சொன்னால் பிள்ளைகள் மளமளவென்று மாற்றிவிடுகிறார்கள். "நேற்று எங்கே போனாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் மட்டும் "ஐ கோ மார்க்கெட்" என்கிறார்கள். 'வென்ட்' அவர்களுக்குத் தெரியாததல்ல. கோடிட்ட இடத்தில் சரியாக நிரப்புவார்கள். விதி மனதில் ஊறினால் பேச்சு தானாக வரும் என்கிறார் எங்கள் மூத்த ஆசிரியர். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பொதுத்தேர்வையும் விட முடியாது. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

அரூர் சார் (பணி ஓய்வு):
விதியை ஒதுக்கிவிடாதீர்கள் மேடம். புரிகிற ஆங்கிலம் நிறையக் காதில் விழுந்தால் மொழி தானாகப் படியும் என்றார் அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன். சரி, அந்த 'நிறைய' எங்கள் பிள்ளைகளுக்கு எங்கே கிடைக்கிறது? வகுப்பை விட்டால் ஆங்கிலமே இல்லை. விதியாவது பிடித்துக்கொள்ள ஒரு கம்பாக இருக்கட்டும். நானும் அப்படித்தான் கற்றேன்.

ஓசூர் ஆசிரியர்:
சார் சொல்லும் பற்றாக்குறை நிஜம். அதனால்தான் இருக்கிற பீரியடை விதிக்கே செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்து ஊரிலேயே 1979இல் ஆங்கிலக் கற்பித்தல் வல்லுநர் என். எஸ். பிரபு 'பெங்களூர் திட்டம்' தொடங்கினார். ரயில் அட்டவணை, வரைபடம் இவற்றைக் கொடுத்து விடை கண்டுபிடிக்க வைத்தார்கள். இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்தவில்லை. 1985இல் பெரெட்டா, டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை மதிப்பிட்டார்கள். வாக்கிய அமைப்பைச் சோதிக்கும் தேர்வில் வழக்கமான வகுப்புகள் முந்தின. டிக்டேஷனிலும் கேட்டு, படித்துப் புரிந்துகொள்வதிலும் திட்ட வகுப்புகள் முந்தின.

நான் பஸ் நேரங்களைப் பலகையில் எழுதி, "பத்து மணிக்குள் தர்மபுரி போக எந்த பஸ்?" என்று கேட்பேன். "பஸ் லீவ் சிக்ஸ்" என்று ஒருவன் சொல்வான். அந்த வாக்கியத்தையே எழுதி, அங்கேதான் 'லீவ்ஸ்' பற்றிச் சொல்வேன். விதி அப்போது அவனுக்கு வேண்டியதாக இருக்கிறது. அந்தக் கடைசி 'எஸ்' பேச்சில் படிய நாளாகும், விதி எளிதாக இருந்தாலும். அதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச் எல்லாம் தேர்வு நெருங்கும்போது பயிற்சி கொடுத்தால் போதும்.

பாலக்கோடு டீச்சர்:
ரொம்ப நன்றி சார். எங்கள் ஊர்த் தக்காளி மார்க்கெட் இதற்குப் பொருத்தமாக இருக்கும். நேற்று என்ன விலை, இன்று என்ன விலை என்று பிள்ளைகள் வீட்டில் தினமும் கேட்கிற பேச்சு. பாஸ்ட் டென்ஸ் அதிலேயே வந்துவிடும். ஒரு சந்தேகம்: பேசும்போதே திருத்துவீர்களா?

ஓசூர் ஆசிரியர்:
இல்லை மேடம், முடிக்க விடுவேன். "ஐ கோ மார்க்கெட்" என்றால், "ஓ, யூ வென்ட் டு த மார்க்கெட்? வாட் டிட் யூ பை?" என்று அடுத்த கேள்வியைப் போடுவேன். பலர் செய்யும் தவறை மட்டும் கடைசிப் பத்து நிமிடத்தில் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதுவேன்.

அரூர் சார்:
அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் விதியைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள் மேடம். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.