குரமோட்டோ மாதிரி: வலையமைப்பில் மாறுநிலைப் பிணைப்பைக் கணிக்க உதவி தேவை

மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் கணிதம், இயற்பியல் கற்பிக்கும் நண்பர்களுக்குத் திருமங்கலத்திலிருந்து வணக்கம்.

யொஷிகி குரமோட்டோ 1975 இல் முன்வைத்த மாதிரியை முதுகலை மாணவர்களுடன் படித்து வருகிறேன். வெவ்வேறு இயல்பு அதிர்வெண் கொண்ட அலைவிகள் (திரும்பத் திரும்பச் சுழன்று இயங்குபவை), கட்ட வேறுபாட்டின், அதாவது சுழற்சியில் அவை இருக்கும் நிலைகளின் வேறுபாட்டின், சைன் மதிப்புக்கேற்ப ஒன்றையொன்று இழுக்கின்றன; இந்த இழுப்பின் வலிமையான பிணைப்பு, மாறுநிலைப் பிணைப்பு எனும் ஓர் எல்லையைத் தாண்டியதும், யாரும் கட்டளையிடாமலேயே அவற்றில் ஒரு பகுதி ஒரே வேகத்தில் சுழலத் தொடங்குகிறது. எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு அடங்காத கணிதம் இது.

எல்லா அலைவிகளும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் சிக்கல் இல்லை. அதிர்வெண்கள் அரை அகலம் 0.5 உள்ள லொரன்சியப் பரவலில் அமைந்தால் மாறுநிலைப் பிணைப்பு 1, பிணைப்பை 1.2 ஆக்கினால் ஒழுங்கு அளவுரு (ஒத்திசைவை 0 முதல் 1 வரை அளக்கும் எண்) ஏறத்தாழ 0.41 ஆக வேண்டும், கணினியிலும் அதையொட்டியே வருகிறது.

சில கணுக்களுக்கு மட்டும் ஏராளமான இணைப்புகள் உள்ள, 200 கணுக்கள் கொண்ட வலையமைப்பில்தான் திணறுகிறோம். எல்லாம் இணைந்திருக்கும்போது கிடைத்த அந்த மாறுநிலை மதிப்பை, எந்தக் கணு எதனோடு இணைந்துள்ளது என்று காட்டும் அண்டைமை அணியின் மிகப்பெரிய ஐகென் மதிப்பால் வகுப்பது ஒரு வழி. இணைப்பெண்களின் (ஒவ்வொரு கணுவுக்கும் உள்ள இணைப்புகளின் எண்ணிக்கை) சராசரியால் அதைப் பெருக்கி, அவற்றின் வர்க்கங்களின் சராசரியால் வகுப்பது மற்றொரு வழி. இரண்டும் வெவ்வேறு விடை தருகின்றன. கணினியில் சரிபார்க்கலாம் என்றால், ஒத்திசைவே இல்லாதபோதும் ஒழுங்கு அளவுரு 0.07 அளவில் அசைந்துகொண்டே இருப்பதால், பிணைப்புக்கு எதிராக அதை வரையும் வளைகோடு எங்கே எழத் தொடங்குகிறது என்பது பிடிபடவில்லை.

கணுக்களின் எண்ணிக்கையைப் படிப்படியாகக் கூட்டி எல்லையை மதிப்பிடும் முறையில் பழகியவர்கள் இருந்தால், எந்த அளவுகளில் தொடங்கலாம், எதை வரைந்து பார்க்க வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள். மதுரைக்குள் எங்கே என்றாலும் மாணவர்களோடு நேரில் வந்து கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறோம்.