8 இன்ச் வூஃபருக்கு எத்தனை லிட்டர் பெட்டி? எதைப் போட்டாலும் ஒரே ‘கும்’

புதுப்பெட்டி:
வணக்கம். டேட்டா ஷீட் இல்லாத 8 இன்ச், 8 ஓம் வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) ஒரு ஜோடி இருக்கு. “8 இன்ச்சுன்னா ஒரு கன அடி” என்று யாரோ சொன்னதை நம்பி 18 மி.மீ. ப்ளைவுட்டில் 28 லிட்டர் பெட்டி அடித்தாச்சு. முன்பலகையில் 3 இன்ச் ஓட்டை, குழாய் கிடையாது. ட்வீட்டருக்கு (மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கடையில் விற்கிற ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டு, ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுப்பது. தவில், பேஸ் கிட்டார் எல்லாமே ஒரே சுருதியில் ‘கும்’ என்கிறது. வால்யூம் ஏற்றினால் கோன் தாறுமாறாக ஆடுகிறது, ஆனால் அடி பேஸ் வரவில்லை. பஞ்சு அடைத்தும் பெரிய மாற்றம் இல்லை. மாற்ற வேண்டியது பெட்டியையா, வூஃபரையா?

டெசிபல்:
வூஃபரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. குழாய் இல்லாத ஓட்டையும் போர்ட்தான் (பெட்டிக் காற்று போய்வரும் வாய்). பலகையின் 18 மி.மீ. கனமே அதன் நீளம். 28 லிட்டரோடு சேர்ந்து அது 75 ஹெர்ட்ஸ் பக்கம் ட்யூன் ஆகிவிடும், அந்தச் சுருதியில் பெட்டிக் காற்றே ஒலிக்கும். உங்கள் ‘கும்’ அதுதான். அதற்குக் கீழே காற்று ஓட்டை வழியாகச் சும்மா போய் வரும், கோனைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. வீணாக ஆடுவது அதனால்தான்.

இன்ச்சை வைத்து லிட்டர் சொல்வது நடக்காத காரியம். ஒரு 8 இன்ச்சுக்கு 15 லிட்டர் போதும், இன்னொன்று 60 கேட்கும். தீல்-ஸ்மால் அளவுகள் (வூஃபரின் இயல்பைச் சொல்லும் எண்கள்) தெரிய வேண்டும். ஷீட் இல்லாவிட்டால் நாமே அளக்கலாம்.

ஆம்ப்பின் ஒரு சேனலில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை சீரிஸில் போட்டு வூஃபரை இணையுங்கள். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப். முதலில் வூஃபர் இருக்கும் இடத்தில் 10 ஓம் ரெசிஸ்டரை வைத்து, அதன் மேல் 100 மில்லிவோல்ட் ஏ.சி. வரும்வரை வால்யூமை ஏற்றி, அப்படியே விட்டுவிடுங்கள். இனி 10 மில்லிவோல்ட் என்றால் ஒரு ஓம். 200 வோல்ட் ரேஞ்சில் தொடங்கும் மலிவு மீட்டர் இதற்கு ஆகாது, ஏ.சி. மில்லிவோல்ட் காட்டுவது வேண்டும். வூஃபர் புதிது என்றால் சில மணி நேரம் பாட்டு ஓடவிட்ட பிறகு அளங்கள், சஸ்பென்ஷன் இளகும். மேஜையில் கவிழ்க்காமல், முன்னும் பின்னும் காற்றோட்டமாக நிமிர்த்திப் பிடிக்கவும்.

15 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றினால் ஓரிடத்தில் ஓம் உச்சிக்குப் போகும். அந்த அதிர்வெண்தான் எஃப்.எஸ்., வூஃபரின் சொந்த ஒத்ததிர்வு. உச்ச ஓமை டி.சி. ஓமால் (மீட்டரின் ஓம் ரேஞ்சில் வூஃபரை நேரடியாக அளந்தால் வருவது) வகுங்கள், அது r. டி.சி. ஓமை r-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் ஓம், உச்சிக்கு இரண்டு பக்கமும் எந்த அதிர்வெண்ணில் கிடைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, டஸ்ட் கேப்பை (கோனின் நடுவில் இருக்கும் மூடி) ஒட்டி எதிரெதிராக இரண்டு 10 ரூபாய் நாணயத்தை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி உச்சியை மறுபடி தேடுங்கள். ஒரு நாணயம் சுமார் 7.7 கிராம். காந்தத்தில் ஒட்டுகிற நாணயம் வேண்டாம். கோனின் விட்டத்தை ஒரு பக்க ரப்பர் எட்ஜின் நடுவிலிருந்து மறுபக்க நடுவரை அளக்கவும்.

புதுப்பெட்டி:
டி.சி. 5.8 ஓம். உச்சி 38 ஹெர்ட்ஸில் 58 ஓம். 18.3 ஓம் வருவது 25.4-இலும் 57-இலும். நாணயத்தோடு 29.4 ஹெர்ட்ஸ். விட்டம் 16.5 செ.மீ.

டெசிபல்:
25.4 × 57-க்கு வர்க்கமூலம் எடுத்தால் 38. உச்சியோடு ஒத்துப்போகிறது, அளவு சரி.

r = 10. க்யூ என்பது ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மை என்று சொல்லும் எண்: எந்திரத் தடைக்கு க்யூ.எம்.எஸ்., மின் தடைக்கு க்யூ.இ.எஸ்., இரண்டும் சேர்ந்தது க்யூ.டி.எஸ். க்யூ.எம்.எஸ். = 38 × √10 ÷ (57 − 25.4) = 3.8. அதை r-ஆல் வகுத்தால் க்யூ.டி.எஸ். 0.38, r − 1-ஆல் வகுத்தால் க்யூ.இ.எஸ். 0.42. கோனின் நிறை = 15.4 ÷ ((38 ÷ 29.4)² − 1), ஏறக்குறைய 23 கிராம். இதையும் விட்டத்தையும் வின்ஐஎஸ்டி மென்பொருளில் கொடுத்தால் வி.ஏ.எஸ். (சஸ்பென்ஷனுக்குச் சமமான மீள்தன்மை உள்ள காற்றின் அளவு) 49 லிட்டர் வரும்.

எஃப்.எஸ்.ஸை க்யூ.இ.எஸ்.ஸால் வகுத்தால் 90. 50 பக்கம் வந்தால் மூடிய பெட்டி, 100 பக்கம் வந்தால் போர்ட் பெட்டி என்பது வழக்கம். ஆகவே போர்ட்: நிகரம் (உள்ளே இருக்கும் சாமான் போக மிஞ்சும் காற்று) 46 லிட்டர், ட்யூனிங் 38 ஹெர்ட்ஸ். 75 மி.மீ. பி.வி.சி. பைப்பின் உள்விட்டம் 70 இருந்தால் நீளம் 12.3 செ.மீ. மெலிந்த 50 மி.மீ. பைப்பில் 4 செ.மீ. போதும் என்று கணக்கு வரும், செய்யாதீர்கள். சத்தம் ஏறினால் காற்று ‘புஸ் புஸ்’ என்று கேட்கும்.

அடைத்தவன்:
இதில் எனக்கு மாற்றுக் கருத்து. இதே வூஃபருக்கு 20 லிட்டர் மூடிய பெட்டி போட்டால் க்யூ 0.7, ஒத்ததிர்வு 71 ஹெர்ட்ஸ். அடி பேஸ் குறையும்தான். ஆனால் சரிவு ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல், போர்ட்டில் 24. சின்ன கான்கிரீட் அறையில் சுவரோரமாக வைத்தால் அறையே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். ஒரு லிட்டர் கூடக்குறைய ஆனாலும் கெடாது. போர்ட் பெட்டிதான் என்றால் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் ஆம்ப்பில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கோன் அடி வாங்கும்.

தச்சுப்பட்டறை:
46-ங்கிறது நிகரம். வூஃபர் ஒன்றரை லிட்டர், பைப் அரை, குறுக்குச் சட்டம் ஒன்றரை சேர்த்தா 49.5. உள்ளளவு 25 × 33 × 60 செ.மீ. வெச்சுக்கோங்க. வெட்டளவு, ஒரு பெட்டிக்கு: முன்னும் பின்னும் 28.6 × 63.6, பக்கம் இரண்டு 33 × 63.6, மேலும் கீழும் 25 × 33.

8 × 4 ஷீட் ஒண்ணு ரெண்டு பெட்டிக்கும் போதும். ஆனா 63.6 உயரத் துண்டு எட்டையும் ஒரே வரிசையில போட்டா 246.4 வரும், ஷீட் 244தான். ஒண்ணை மீதிப் பட்டையில படுக்கப் போடுங்க. ரம்பம் தின்கிற 3 மி.மீ.யையும் துண்டுக்குத் துண்டு கணக்குல எடுங்க.

உள்ளே பொந்து இருக்கிற ப்ளை வேண்டாம், பேஸ் அடிக்கும்போது இரையும். வாங்குறப்பவே வெட்டுமுனையைப் பாருங்க, தட்டிப் பாருங்க. எம்.டி.எஃப். நல்லா அடங்கும், ஆனா ஈரம் பட்டா உப்பும்; விளிம்புல ஓட்டை போடாம ஸ்க்ரூ ஏத்தினா பிளக்கும்.

ஃபெவிகாலை ரெண்டு பக்கமும் தடவி, கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விடணும். உள்மூலை எல்லாத்துலயும் சிலிகான் ஒரு கோடு. அந்தப் புளிப்பு வாடை முழுசா போனப்புறம்தான் வூஃபர் மாட்டணும், அந்த ஆவி ஸ்பீக்கருக்கு ஆகாது. நடுவுல ஜன்னல் வெட்டின சட்டம் ஒண்ணு, சரிபாதியில வைக்காம கொஞ்சம் தள்ளி. நிறைய பேர் கோட்டை விடுறது வயர் டெர்மினல் ஓட்டையில. அதுக்கும் வூஃபர் விளிம்புக்கும் ஃபோம் டேப் கேஸ்கெட் போடுங்க. சோதிக்க போர்ட்டை உள்ளங்கையால அடைச்சு கோனை மெல்ல உள்ளே தள்ளி விடுங்க. சட்டுனு திரும்பினா எங்கேயோ கசியுது.

பஞ்சை அடைக்காதீங்க. சுவர்ல மட்டும் ஒரு இன்ச் கனத்துக்கு பாலியஸ்டர் பஞ்சு. முன்பலகையும் போர்ட் வாயும் சுத்தமா இருக்கணும்.

அடைத்தவன்:
ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டைக் கழற்றிவிடலாம். அது எந்த ஸ்பீக்கரையும் மனதில் வைத்துச் செய்ததல்ல. 2500 ஹெர்ட்ஸில் பிரிப்பதானால், 8 ஓமுக்கு இரண்டு பக்கமும் 1 மில்லிஹென்றி காயில், 3.9 மைக்ரோஃபாரட் கண்டென்சர்; ட்வீட்டரின் பிளஸ்-மைனஸை மாற்றி இணைக்க வேண்டும். மாற்றாவிட்டால் 2500-இல் பள்ளம் விழும், குரல் பின்னுக்குப் போகும். காயில்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் தள்ளி வையுங்கள். வூஃபர் காயிலின் இண்டக்டன்ஸ் 0.6 மில்லிஹென்றி அளவில் இருந்தால் வூஃபருக்கு இணையாக 7.5 ஓமும் 10 மைக்ரோஃபாரட் நான்போலார் (பிளஸ்-மைனஸ் இல்லாத) கண்டென்சரும் சீரிஸில் சேர்த்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கணக்கு மேலே போகப் போக வழுக்கும். ட்வீட்டர் 3 டெசிபல் தூக்கலாக இருந்தால் அதன் பக்கம் 2.2 ஓம் சீரிஸில், 20 ஓம் இணையாக.

புதுப்பெட்டி:
எல்லோருக்கும் நன்றி. போர்ட் பெட்டியே அடிக்கிறேன். பைப் உள்விட்டம் 70 வராவிட்டால்?

டெசிபல்:
14 செ.மீ.க்கு வெட்டி, ஒட்டாமல் இறுக்கமாகச் செருகுங்கள். 36 ஹெர்ட்ஸ் பக்கம் ட்யூன் ஆகும். டோன் ஜெனரேட்டரை மெல்ல நகர்த்தி, கோனின் ஆட்டம் ஏறக்குறைய நின்றுபோகும் இடத்தைப் பாருங்கள். அதுதான் பெட்டியின் ட்யூனிங். 38-க்கு வரும்வரை அரை அரை செ.மீ.யாக நறுக்குங்கள், ஒரு செ.மீ. குறைத்தால் ஒரு ஹெர்ட்ஸ் ஏறும். உள்முனைக்கும் பின்பலகைக்கும் குறைந்தது 7 செ.மீ. இடைவெளி. 33 ஆழத்தில் அது தாராளமாகக் கிடைக்கும்.