புதுப்பிப்பு: பச்சைக் குழந்தைக்கு நீர் வற்றுதல், ஈர நாப்கின் கணக்கில் ஒரு திருத்தம்

5ஆம் நாளிலிருந்து தினம் 6 ஈர நாப்கின் வந்தால் பால் போதும் என்று முன்பு எழுதியிருந்தோம். அது முழுமையானதல்ல. கடை நாப்கின் ஈரத்தை உறிஞ்சி ஏமாற்றிவிடும். காய்ந்த நாப்கினில் 3 மேசைக்கரண்டி, அதாவது 45 மி.லி. தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள். ஏறக்குறைய அந்தக் கனம் இருந்தால்தான் ஒன்று என்று எண்ணலாம்.

எடைதான் உறுதியான சான்று. பிறந்த எடை ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் (தென்னாப்பிரிக்காவில் குழந்தையின் எடை, தடுப்பூசி குறிக்கும் பதிவேடு) இருக்கும். 3.2 கிலோ குழந்தை 4ஆம் நாள் 2.85 கிலோ என்றால் இழப்பு 350 கிராம், கிட்டத்தட்ட 11 சதவீதம். 10ஐத் தாண்டினால் அன்றே கிளினிக் போங்கள். இரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து; உடலில் நீர் வற்றினால் ஏறும்) பார்க்க வேண்டிவரும்.

தலைப்பிரசவம், சிசேரியன், 37 வாரத்துக்கு முன் பிறப்பு: இவற்றில் பால் இறங்கவோ உறிஞ்சவோ தாமதமாகலாம். எங்களுக்கு அதிகக் கவலை மஞ்சள் காமாலைக் குழந்தை. அது அழாமல் தூங்கும். வீட்டார் "சமத்துப் பிள்ளை" என்பார்கள். 3 மணி நேரத்துக்குள் எழுப்பிப் பால் கொடுங்கள்.

டர்பனின் ஜனவரிக் கோடைப் புழுக்கத்திலும் தண்ணீரோ ரூயிபோஸ் மூலிகைத் தேநீரோ வேண்டவே வேண்டாம்; வயிறு நிரம்பிப் பால் குறையும். அடிக்கடி பாலூட்டினால் போதும். பால்மாவு என்றால் முதலில் தண்ணீரை அளந்து, பிறகு தலை தட்டிய கரண்டியால் மாவு போடுங்கள். கூடுதல் மாவு உடல் நீரை இழுத்துவிடும்.

உச்சிக்குழி உள்வாங்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள். சோடியம் ஏறிய குழந்தையிடம் அது தாமதமாகத்தான் தெரியும். எழுப்பியும் பால் குடிக்காவிட்டாலோ, 8 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, உடனே மருத்துவமனை.