ட்ரீம்காஸ்டில் வேர்ச்சுவல்-ஆன்: என் ரோபோ ஏன் திரும்புதில்லை?

உப்புவெளி நண்டு எழுதியது:

அண்ணாமார், அக்காமார், இந்தக் கேமை ஒழுங்காக விளையாடினவர்கள் யாராவது இருந்தால் ஒரு வழி சொல்லுங்கள், தங்கச்சியிடம் அடி வாங்கி வாங்கி மானம் போகிறது.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் கோணேசர் கோயில் நேர்த்திக்காக வந்தவர், சூட்கேசுக்குள் சேகாவின் பழைய கேம் பெட்டியான ட்ரீம்காஸ்ட் ஒன்றைச் சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்து "உனக்குத்தான், வச்சிரு" என்று தந்துவிட்டுப் போனார். பெட்டிக்குப் பின்னால் 120 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் செருகினேன் என்று சொல்ல ஆசை. பார்க்கவில்லை. நம்முடைய 230இல் செருகினதும் 'டப்' என்று ஒரு சத்தம், கருகின மணம், குசினிக்குள் இருந்து அம்மா "என்னடா எரியுது" என்று ஓடி வந்தா. ரேடியோ திருத்துகிற ஐயா ஒருவர் பியூசையும் இன்னும் ஏதோ இரண்டு சாமானையும் மாற்றித் தந்தார், வோல்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் ஒன்றும் வாங்கிப் போட்டேன், இப்போது ஓடுகிறது. அது பழைய கதை, விடுங்கள்.

பிரச்சினை கேமில். கூட வந்த டிஸ்குகளில் ஒன்று வேர்ச்சுவல்-ஆன் ஒரடோரியோ டாங்ரம் என்ற ரோபோச் சண்டைக் கேம், 2000இல் வந்த அமெரிக்கப் பதிப்பு. பார்க்க வடிவாக இருக்கிறது, இருபது வருடத்துக்கு மேற்பட்ட கேம் என்று சொன்னால் நம்ப ஏலாது. ஆனால் நான் எடுக்கிற ரைடன் என்ற ரோபோ நெல்மூட்டை தூக்கினவன் மாதிரித்தான் திரும்புகிறது. தங்கச்சி ஃபெய்-யென் என்ற ரோபோவை எடுத்துக்கொண்டு சறுக்கிச் சறுக்கி எங்கேயோ போய்விடுகிறாள், நான் தேடித் திரும்பி முடிப்பதற்குள் "அண்ணா, நான் உங்கட முதுகிலதான் நிக்கிறன்" என்கிறாள். போதாததற்கு அவளுடைய உயிர் பாதிக்குக் கீழே போனதும் அந்த ரோபோ தங்க நிறமாகி இன்னும் கெதியாக ஓடுகிறது. தூரத்தில் நின்று நான் சுட்டால் சில நேரம் குண்டு பட்டுத் தெறிக்கிறது, ஒன்றும் குறைவதில்லை.

கேட்க விரும்புவது இதுதான். இது வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது கெட்டுப்போன கேமா, இல்லை காசு போட்டு விளையாடுகிற ஆர்கேடிலும் இப்படித்தானா? இரண்டு ஸ்டிக் உள்ள கொன்ட்ரோலர் ஒன்று இருக்கிறதாமே, அது இல்லாமல் விளையாடவே ஏலாது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். வெளிநாட்டில் விற்கிற விலையைப் பார்த்தேன், கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் ஒரு பழைய ஸ்கூட்டிக்கு முற்பணம் கட்டலாம்.


உவர்மலைக்காரன் எழுதியது:

தம்பி, உங்கள் ரோபோவிலும் பிழையில்லை, வீட்டுப் பெட்டிக்கு மாற்றின போர்ட்டிலும் பிழையில்லை. திரும்பாதீர்கள். குதியுங்கள்.

குதிக்கிற பொத்தானை அழுத்தினால் ரோபோ எழும்பும்போதே தானாக எதிராளியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எழும்பின கையோடு காவல் பொத்தானை அழுத்துங்கள், குதி பாதியில் முறிந்து சட்டென்று தரைக்கு வந்துவிடும். குதி, முறி, தங்கச்சி முன்னால் நிற்பா. இதைத் தெரியாமல் இந்தக் கேமை விளையாடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிளித்தட்டு மறிக்கிற மாதிரி. நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு கோடைகாலம் எடுத்தது, யாரும் சொல்லித்தரவில்லை. 1997இல் இங்கிலாந்துக்கு வந்த புதிது, சவுத்தெண்ட் கடற்கரையில் ஒரு கேம் சென்டர், சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி வருகிற சில்லறை முழுக்க அதற்குள்தான் போனது. கடல் மணம் டச்சுக்குடா மாதிரியே இருந்ததும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

அங்கே இருந்தது முதலாவது வேர்ச்சுவல்-ஆன், சேகாவின் ஏஎம்3 பிரிவு 1995இல் செய்தது. ஜப்பான் கார்ட்டூன் தொடரான கன்டாமுக்கு ரோபோக்கள் வரைந்த ஹஜிமே கடோகிதான் இதற்கும் ரோபோ வரைந்தவர், அதனால்தான் உங்கள் ரைடனின் தோளைப் பார்த்தால் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். இரண்டு ஆசனம் பக்கத்தில் பக்கத்தில், ஆளுக்கொரு திரை, ஆளுக்கு இரண்டு ஸ்டிக். இரண்டையும் முன்னுக்குத் தள்ளினால் முன்னுக்கு நடக்கும். ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் பிடித்தால் நின்ற இடத்திலேயே சுழலும். வெளிப்பக்கம் விரித்தால் குதி, உள்ளுக்கு நெருக்கினால் காவல். சுட்டுவிரலுக்கு ட்ரிகர், பெருவிரலுக்கு டாஷ், அதாவது சட்டென்று பாய்ந்து ஓடுகிற பொத்தான். இடது ட்ரிகருக்கு ஒரு ஆயுதம், வலதுக்கு ஒன்று, இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது. பொத்தான் குறைவு, அதற்குள் எவ்வளவு வித்தை!

1996இல் ட்ரீம்காஸ்டுக்கு முந்தின சேகா பெட்டியான சாட்டர்னுக்கு வந்தபோது படம் மொத்தையாகித்தான் வந்தது. உங்களிடம் இருப்பது அதற்கு அடுத்தது. ஆர்கேடில் 1998இல் சேகாவின் மொடல் 3 போர்டில் வந்தது, ஜப்பானில் 1999 டிசம்பரில் ட்ரீம்காஸ்டுக்கு இறங்கியது. அந்தப் போர்ட்டைக் குறை சொல்ல ஆள் இல்லை, சண்டை பிடிக்கிற உணர்வு அப்படியே வந்திருக்கிறது.

குண்டு தெறிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அது வி-ஆர்மர், இந்தக் கேமில்தான் புதிதாக வந்தது. எட்ட நின்று சுடுகிற குண்டு கவசத்தில் பட்டுத் தெறித்துப் போகலாம், கிட்டப் போய் அடித்தால் தெறிக்காது. அதாவது ஓரத்தில் ஒளிந்து நின்று சுட்டுக்கொண்டிருக்கிறவனை உள்ளே இழுத்துவிடுகிற வேலை. ரைடனை வைத்துக்கொண்டு எட்ட நிற்கத்தான் எல்லாருக்கும் மனம் வரும், நானும் அப்படித்தான். ஆனால் ஃபெய்-யென்னை ஓடி ஓடிப் பிடிக்கப் பார்க்காதீர்கள், அவளே கிட்ட வருவா, அவ டாஷ் முடிந்து நிற்கிற அந்த ஒரு நொடிதான் உங்கள் தோள் லேசருக்கு நேரம். தங்கமாக மாறினபிறகு எல்லாம் வேகம், ஆனால் மிச்சம் இருப்பது அரை உயிர், அதை மறக்காதீர்கள்.

உங்கள் அமெரிக்கப் பதிப்பில் வராமல் போனது ஒன்று: தனித் திரை. ஆர்கேடில் எதிராளி என்ன செய்கிறான் என்று தெரியாது, பக்கத்தில் அவன் மூச்சு மட்டும் கேட்கும். வீட்டில் ஒரே ரீவியை இரண்டாக வெட்டித் தருகிறார்கள், தங்கச்சி உங்கள் பாதியைப் பார்த்தே லேசர் நிரம்பிவிட்டதா என்று தெரிந்துகொள்ளலாம். கட்டாயம் பார்க்கிறா.


சீனக்குடா விமானம் எழுதியது:

ஏன் இவ்வளவு கஷ்டம்? பிஎஸ்4 இருந்தால் கன்டாம் எக்ஸ்ட்ரீம் வெர்சஸ் மக்ஸிபூஸ்ட் ஓன் போடு மச்சான். அதுவும் ஆர்கேடில் இருந்து வந்ததுதான், 2020இல். கமெரா எப்போதும் எதிராளியைப் பார்த்தபடிதான் இருக்கும், இரண்டுக்கு இரண்டு சண்டை, தலையிடி இல்லை. ட்ரீம்காஸ்டை ஷோகேசில் வை.


கிண்ணியா நானா எழுதியது:

விமானம், அவர் கேட்டது வேறு, நீங்கள் சொல்வது வேறு. புட்டு கேட்டவனுக்கு இடியப்பம் நல்லது என்று சொல்கிற மாதிரி இருக்கிறது.

தம்பி நண்டு, இரண்டு ஸ்டிக் இல்லாமல் விளையாடலாம், உவர்மலை அண்ணன் சொன்ன குதி வித்தை போதும். ஆனால் ஆசை இருந்தால் வாங்க வேண்டாம், செய்யலாம். நான் செய்தேன், கம்ப்யூட்டரில் விளையாட. ஸ்டிக் என்றதும் பெரிய நுட்பம் என்று பயப்படாதீர்கள், உள்ளே இருப்பது எட்டுப் பக்கம் தட்டுகிற சுவிட்ச் மட்டும்தான், கொன்ட்ரோலரில் இருக்கிற அனலொக் மாதிரி இல்லை. ஒரு ஸ்டிக்குக்கு நாலு மைக்ரோ சுவிட்ச், ட்ரிகருக்கு ஒன்று, டாஷுக்கு ஒன்று. பன்னிரண்டு சுவிட்சையும் சந்தையில் மலிவாகக் கிடைக்கிற யூஎஸ்பி என்கோடர் போர்டு ஒன்றில் கொழுவினால் முடிந்தது. ட்ரீம்காஸ்டுக்கு என்றால் பழைய கொன்ட்ரோலர் ஒன்றைப் பிரித்து அதன் போர்டில் வயர் ஈயம் வைக்க வேண்டும், அது கொஞ்சம் கைப்பழக்கம் கேட்கும்.

பிடிதான் எனக்குச் சிக்கல் தந்தது. கடைசியில் வாப்பாவின் லாண்ட்மாஸ்டரைப் பார்த்தபோதுதான் விளங்கியது. இரண்டு கைப்பிடி, ஒவ்வொன்றிலும் ஒரு கிளட்ச், இடப்பக்கத்தை அழுத்தினால் இடதுக்கு வெட்டும். வயலில் அதைப் பிடித்தவனுக்கு இந்தக் கேமைச் சொல்லித்தரத் தேவையே இல்லை. சைக்கிள் கடையில் பழைய பிரேக் லீவர் இரண்டு, ரப்பர் பிடி இரண்டு வாங்கி, குழாயில் பூட்டி, லீவரின் அடியில் சுவிட்சை ஒட்டினேன். பலகைக்குப் பழைய மேசை லாச்சி. பார்க்க அசிங்கம்தான், உம்மா அதைத் தேங்காய் துருவி என்று நினைத்து ஒருநாள் குசினியில் வைத்துவிட்டா. ஆனால் விளையாட ஒரு குறையும் இல்லை.

ஒன்று கவனம். கடற்கரை வீடு என்றால் சுவிட்சுக்குள் உப்புப் பிடிக்கும். எனக்கு ஆறு மாதத்தில் இடது பக்கம் குதிக்காமல் போய்விட்டது, திறந்து பார்த்தால் செப்புத் தகட்டில் பச்சை பூத்திருந்தது. மூடின வகை சுவிட்சாகப் பார்த்து வாங்குங்கள், விளையாடி முடிய பொலித்தீன் பை போட்டு மூடுங்கள்.


பாலையூற்று அக்கா எழுதியது:

நானாவின் லாச்சி ஸ்டிக்கை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அவர் சொல்வதைவிட அசிங்கம். ஆனால் வேலை செய்கிறது, அதை மறுக்க ஏலாது.

வெளிநாட்டில் இருந்து இரண்டு ஸ்டிக் கொன்ட்ரோலர் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் எந்தப் பெட்டிக்கு உரியது என்று பார்த்து வாங்குங்கள். சாட்டர்னுக்கு ஒன்று, ட்ரீம்காஸ்டுக்கு ஒன்று, இரண்டும் ஒன்றுக்கொன்று கொழுவாது. பிஎஸ்4க்கு வந்ததைச் செய்தது டனிடா. ஆம், கிளினிக்கில் ஏறி நிற்கிற தராசு செய்கிற அதே ஜப்பான் கம்பனிதான், 2018இல் ரசிகர்களிடம் காசு சேர்த்துச் செய்தார்கள். அதை ட்ரீம்காஸ்டுக்கு என்று யாராவது விற்றால் விலகிப் போங்கள். பிஎஸ்4 பக்கம் போனால் 2019இல் முதல் மூன்று வேர்ச்சுவல்-ஆனையும் சேர்த்து ஜப்பானில் விட்டார்கள். எக்ஸ்பொக்ஸ் 360இலும் உங்கள் கேம் 2009இல் வந்தது, ஆனால் அந்தப் பெட்டியின் இணையக் கடையை 2024 ஜூலையில் பூட்டிவிட்டார்கள், இனி அங்கே புதிதாக வாங்க ஏலாது.

இன்னொன்று, எந்த ரீவியில் போடுகிறீர்கள் என்று சொல்லவில்லையே. புது எல்இடி ரீவி என்றால் மஞ்சள் வயரில் வருகிற படத்தைச் சுத்தம் செய்து காட்டவே அது கொஞ்சம் நேரம் எடுக்கும், நீங்கள் குதிக்க அழுத்தியதற்கும் ரோபோ குதிப்பதற்கும் இடையில் ஒரு இழுவை இருக்கும். நெல்மூட்டைக் கதையில் பாதி அதுவாகவும் இருக்கலாம். ரீவியில் கேம் மோட் இருந்தால் போடுங்கள். அதைவிட நல்லது, ட்ரீம்காஸ்டைக் கம்ப்யூட்டர் மொனிட்டரில் கொழுவ உதவுகிற விஜிஏ பெட்டி ஒன்று வாங்கிப் பழைய குழாய் மொனிட்டரில் கொழுவுவது. படம் கண்ணாடி மாதிரி இருக்கும்.


உப்புவெளி நண்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எல்இடிதான், கேம் மோட் இருந்தது, இத்தனை நாள் தெரியாது. போட்டதும் வித்தியாசம் தெரிகிறது.

நேற்றிரவு குதி முறிப்பதைத் தனியே ஒரு மணித்தியாலம் பழகிவிட்டு இன்று பின்னேரம் தங்கச்சியைக் கூப்பிட்டேன். முதல் ஆட்டம் நான் வென்றேன், அவ என் முதுகுக்கு வந்ததும் குதித்து முறித்து லேசரை வாய்க்கு நேரே கொடுத்தேன். அவ ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் அவவும் குதித்து முறிக்கிறா. நான் பழகும்போது பின்னால் கதிரையில் படித்துக்கொண்டிருந்தவ என்றுதான் நினைத்தேன். 1-3இல் தோல்வி.

உவர்மலை அண்ணா, நீங்கள் சொன்னது சரி, என் பாதித் திரையைத்தான் பார்க்கிறா. நடுவில் மட்டை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்க அம்மாவைக் கேட்டேன், நல்லா ஏச்சு வாங்கினேன். நானா, அந்தப் பிரேக் லீவர் எந்த அளவு, சின்னச் சைக்கிளுடையதா பெரியதா?