மாமியார் போய்ச் சேர்ந்தாச்சு, என் தூக்கம் மட்டும் திரும்பல

தையல்மெஷின்_திண்டுக்கல்:
வயசு 41. வீட்டோட தையல் கடை. மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா இருந்தாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லன்னா முதுகுல புண்ணு வந்துரும். தை மாசம் தவறிட்டாங்க. ஆடி முடியப் போகுது, இன்னமும் ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ணு தானா முழிச்சுக்குது. அப்புறம் விடியிற வரைக்கும் ஃபேனைப் பார்த்துக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான்.

போன வாரம் ஒரு ஜாக்கெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஹூக்கே வச்சுத் தச்சிருக்கேன். கஸ்டமர் சிரிச்சுட்டாங்க, எனக்கு அழுகை வந்துருச்சு. பையன் ஸ்பூனைக் கீழ போட்டாக்கூட அடிக்கக் கை ஓங்குறேன். சாகணும்னு இல்ல, ஆனா இருந்து என்னங்கிற மாதிரி ஒரு வெறுப்பு.

மாமியாருக்கு எழுதிக் கொடுத்த அல்பிரசோலம், அதான் பதற்றத்தைத் தணிக்கிற மாத்திரை, மிச்சம் இருந்துச்சு. பாதி போடுன்னு நாத்தனார் சொன்னாங்க. போட்டா தூக்கம் வருது, மறுநாள் தலை கனம். போடாத அன்னிக்கு முன்னைவிட மோசம். மனநல டாக்டர்கிட்ட போனா காலம் பூரா மாத்திரைதானா?

ஈபி_ரிட்டயர்டு_பாளை:
தங்கச்சி, நானும் சப்ஸ்டேஷன்ல நைட் ஷிப்ட் பார்த்தே தூக்கத்தைத் தொலைச்சவன். ரிட்டயர் ஆனா சரியாயிரும்னு நினைச்சேன், ஆகல. டாக்டர் சொன்னது இதுதான்: ஆரம்பிச்சு வச்ச காரணம் வேற, இப்ப விடாமப் பிடிச்சு வச்சிருக்கிற காரணம் வேற. ஸ்பீல்மேன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1987-லயே இதை எழுதிட்டாராம். விட்ட தூக்கத்தைப் பிடிக்கணும்னு சீக்கிரமே படுப்போம், மணி பார்ப்போம், நாளைக்கு எப்படி வேலை பார்க்கப் போறோம்னு கணக்குப் போடுவோம். அப்புறம் கட்டிலைக் கண்டாலே மனசு முழிச்சுக்கும்.

எனக்கு மாத்திரையே எழுதல. ஒரு நோட்டுல தினம் படுத்த நேரம், தூங்கின நேரம் எழுதச் சொன்னாங்க. பார்த்தா ஒன்பதுல இருந்து ஆறு வரைக்கும் படுக்கை, அதுல தூக்கம் அஞ்சரை மணி நேரம்தான். அப்ப பன்னெண்டுக்கு முன்னாடி படுக்கக் கூடாது, தூங்கினாலும் தூங்காட்டியும் அஞ்சரைக்கு எந்திரிக்கணும்னுட்டாங்க. தூக்கம் வரலன்னா கட்டிலை விட்டு இறங்கிரணும், கடிகாரம் கண்ணுல படக் கூடாது. முதல் வாரம் நரகம். வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு மொட்டை மாடியில நடப்பேன், எதிர்வீட்டு நாய் என்னைத் திருடன்னு நினைச்சுக் குலைக்கும். அப்புறம் தூக்கம் கெட்டியாச்சு, கால் கால் மணி நேரமா படுக்கையில இருக்கிற நேரத்தைக் கூட்டினாங்க. அமெரிக்க மருத்துவர் கல்லூரிங்கிற டாக்டர்கள் சங்கமே 2016-ல நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல்ல இது மாதிரி பழக்கத்தையும் நினைப்பையும் மாத்துற வைத்தியம் (சிபிடி-ஐ), மாத்திரை அப்புறம்னு சொல்லியிருக்கு. ஆனா வலிப்பு, இருமுனைக் கோளாறு (மனசு ஒரேயடியா உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போற பைபோலார் நோய்) உள்ளவங்க டாக்டரைக் கேக்காம இதைத் தொடக் கூடாது.

மருந்துக்கடை_தம்பி:
அக்கா, அடுத்தவங்க சீட்டுல வந்த மாத்திரை வேண்டாம். அல்பிரசோலம் அட்டவணை எச்1 மருந்து, நாங்க சீட்டைப் பார்த்து ரெஜிஸ்டர்ல ஏத்தித்தான் கொடுக்கணும். போடாத அன்னிக்குத் தூக்கம் இன்னும் கெடுறதும் இந்த மாத்திரையோட குணம்தான். ஆனா தினமும் போட்டுட்டு வந்திருந்தா டக்குனு நிறுத்தாதீங்க, சிலருக்கு வலிப்பே வந்துரும். எத்தனை நாளா, எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, படிப்படியா குறைப்பாங்க.

மலர்_நர்ஸ்:
எல்லாரும் தூக்கத்தையே பேசுறீங்க. அக்கா சொன்ன அந்த வெறுப்பை நான் சாதாரணமா எடுத்துக்க மாட்டேன். வாரத்துல மூணு ராத்திரி, மூணு மாசம் தாண்டிட்டாலே நாள்பட்ட தூக்கமின்மைன்னு சொல்றாங்க, நீங்க அதையும் தாண்டியாச்சு. தூக்கம் கெட்டா மனச்சோர்வு வரும், மனச்சோர்வு வந்தா தூக்கம் கெடும், ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும். மாவட்ட அரசு மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கும். தைராய்டும் பாருங்க, குறட்டை விடுறீங்களான்னு வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க. ராத்திரி அந்த எண்ணம் அழுத்தினா அரசு மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம்.

தையல்மெஷின்_திண்டுக்கல்:
திங்கக்கிழமை போறேன், வீட்டுக்காரரும் வர்றேன்னுட்டார். பாளை அண்ணே, மத்தியானம் சாப்பிட்டதும் மெஷின் மேலயே கண்ணு சொக்குதே, கொஞ்சம் சாயலாமா?

ஈபி_ரிட்டயர்டு_பாளை:
சாயாதீங்க, ராத்திரி தூக்கத்தை அது தின்னுரும். நிஜமாவே தாங்கலன்னா மூணு மணிக்கு முன்னாடி அரை மணி நேரம், அலாரம் வச்சு. கண்ணு சொக்குறப்ப மோட்டார் மெஷின்ல உக்காராதீங்க, ஊசி விரல்ல ஏறிரும்.