விலங்குகளுக்கான ‘மைக்ரோசிப்’: நுண்சில்லா, ஊசிக்குறியா?

அன்புடையீர், வணக்கம்.

வளர்ப்பு விலங்குகளின் தோலுக்கடியில் ஊசியால் செலுத்தப்படும் ‘மைக்ரோசிப்’ என்பதற்குத் தமிழில் எச்சொல்லை ஆள்வது என்ற வினாவுக்கு ‘நுண்சில்லு’ போதும் என்று இக்கலைச்சொல் விவாதத்தில் பலரும் ஒப்புக்கொண்டுவிட்ட நிலையில், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தடையை முன்வைக்க வேண்டியவனாக இருக்கிறேன். தடைக்குக் காரணம் சைக்கிள்.

எங்கள் பக்கத்தில் சக்கரத்துக்குச் ‘சில்லு’ என்று பெயர். சைக்கிள் சில்லு, வண்டிச் சில்லு, முன்சில்லு, பின்சில்லு என்று நாள்தோறும் புழங்கும் சொல் அது. தமிழகத்தில் சில்லு என்றதும் தேங்காய்ச் சில்லோ ஓட்டுச் சில்லோ கண்முன் வரும். ஆகவே சிலிக்கன் துண்டுக்கு அது பொருந்தியது. இங்கே காற்றுப்போன ‘டயர்’தான் வரும். அண்மையில் ஒரு கால்நடை வைத்திய அலுவலகத்துக்காக இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ‘நாய்களுக்கு நுண்சில்லு பொருத்துதல்’ என்று தலைப்பிட்ட படியை அலுவலகத் திண்ணையில் வைத்து நான் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, பசுவுக்கு மருந்து வாங்க வந்திருந்த முதியவர் ஒருவர் அதை எட்டிப் பார்த்து, “நாய்க்கு என்னத்துக்குத் தம்பி சில்லு, பின்னங்கால் இழுக்குதோ?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. பின்னங்கால் வழங்காத நாய்களுக்கு இரண்டு சில்லு வைத்த சிறு வண்டியைப் பூட்டுகிற வழக்கம் உண்மையாகவே உள்ளது. இதற்கு மேலும், முழங்காலின் முன்னெலும்பும் ‘முழங்காற்சில்லு’ என்பதால், விலங்கு வைத்தியம் பற்றிய ஒரே பிரசுரத்தில் மூன்று சில்லுகள் உருளத் தொடங்கிவிடும்.

கணினி பற்றிய எழுத்தில் நுண்சில்லு நிலைத்துவிட்டது. அதைப் பெயர்க்க நான் வரவில்லை. விலங்கின் உடலில் இடும் பொருளுக்கும் அதே பெயர் வேண்டுமா என்பது மட்டுமே என் வினா. அப்பொருள் என்ன என்பதைச் சிறிது பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவோம்.

வழக்கமான அளவில் அது 12 மில்லிமீற்றர் நீளமும் 2 மில்லிமீற்றர் விட்டமும் உடைய கண்ணாடிக் குழல். உமி நீக்காத நெல்மணி ஒன்றை விடச் சற்று நீளம் என்று கொள்ளலாம். உள்ளே பெரைற்றுத் தண்டு ஒன்றைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள், மின்னைத் தேக்கும் ஒரு கொள்ளளவி, எண்ணைத் தாங்கிய சிறு மின்சுற்று ஆகியன இருக்கும். மின்கலம் இல்லை. எண்ணைப் படிக்கும் கருவியான வருடியை அருகே கொண்டுசென்றால் அதன் காந்தப்புலம் இச்சுருளில் மின்னைத் தூண்டும். அந்த மின்னைக் கொண்டு அது தன் எண்ணைச் சொல்லும்; வருடி விலகியதும் மீண்டும் உறங்கிவிடும். ஐ.எஸ்.ஓ. 11784, 11785 என்னும் இரு நியமங்கள் இவ்வெண்ணின் அமைப்பையும் உரையாடலின் முறையையும் வரையறுக்கின்றன, மீடிறன் (அதிர்வெண்) 134.2 கிலோஹேர்ட்ஸ். எண் 15 இலக்கங்களைக் கொண்டது. முதல் மூன்றும் நாட்டுக் குறியீடாகவோ, 900 தொடக்கம் 998 வரையிலான உற்பத்தியாளர் குறியீடாகவோ இருக்கும். இலங்கையின் நாட்டுக் குறியீடு 144. (தமிழக நண்பர்களுக்கு இவ்வெண் ஊரடங்கை நினைவூட்டினால் நான் பொறுப்பல்லன்.)

அந்த எண்ணைத் தவிர அதனுள் வேறொன்றும் இல்லை. உரிமையாளரின் பெயரோ, முகவரியோ, விலங்கு இப்போது எங்கே நிற்கிறது என்ற தகவலோ அதில் கிடையாது. நாய் காணாமற்போனால் கைப்பேசியில் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பிப் பணம் செலுத்தியவர்களை எனக்குத் தெரியும். ‘சிப்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் மக்கள் அதனிடம் இல்லாத அறிவையெல்லாம் அதன்மேல் ஏற்றிவிடுகிறார்கள். ‘நுண்சில்லு’ என்று மொழிபெயர்த்தாலும் அந்த மயக்கம் கூடவே வருகிறது. பொருள் எதனால் ஆனது என்று சொல்லும் பெயரைக் காட்டிலும், அது செய்யும் ஒரே வேலையைச் சொல்லும் பெயர் இவ்விடத்தில் நேர்மையானது என்பது என் கருத்து.

அந்த வேலைக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் உண்டு. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பட்டி வைத்திருப்போர் மாட்டுக்குக் ‘குறி சுடுவர்’. காய்ச்சிய இரும்பால் தொடையிலோ விலாவிலோ உரிமையாளரின் பெயரெழுத்துகளைச் சுட்டுவிட்டால், மாடு எந்தக் காட்டில் மேய்ந்தாலும் அது இன்னாருடையது. கன்றில் சுட்ட எழுத்து மாடு வளர வளர விரிந்து, சிலவேளை எந்த எழுத்தென்று மயங்கும்படி ஆகிவிடுவதும் உண்டு. களவாடியவர் பழைய குறியின்மேல் இன்னொன்றைச் சுட்டு மறைத்த கதைகளை எங்கள் பகுதியில் எந்தப் பட்டிக்காரரும் சொல்வார். தோலின் மேல் நெருப்பால் இட்ட அக்குறியைத் தோலின் கீழ் ஊசியால் இடுகிறோம் என்பதைத் தவிர, இன்றைய கருவிக்கும் அதற்கும் நோக்கத்தில் வேறுபாடு இல்லை.

ஆகவே என் பரிந்துரை ‘ஊசிக்குறி’. நெருப்பால் இடுவது சூட்டுக்குறி, ஊசியால் இடுவது ஊசிக்குறி. இரண்டும் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகைகள். எங்கள் பத்திரிகைகளில் அலுக்காமல் வந்துகொண்டிருக்கும் ‘வாள்வெட்டு’ எப்படி வாளால் வெட்டிய வெட்டோ அப்படியே. இடும் செயல் ‘ஊசிக்குறியிடல்’. எண் ‘ஊசிக்குறி இலக்கம்’. படிக்கும் கருவிக்கு ஏற்கெனவே உள்ள ‘வருடி’ மிகப் பொருந்துகிறது: நாயின் தோட்பட்டைகளுக்கு நடுவே தொடங்கி முதுகிலும் கழுத்தின் இருபுறமும் மெதுவாக அதை நகர்த்துவதைப் பார்ப்போருக்கு, யாரோ நாயை வருடிக்கொடுப்பது போலவே இருக்கும். தரவுத்தளத்துக்குக் ‘குறிப்பதிவேடு’ என்று எழுதிப் பார்த்தேன். குறிப்பேடு என்று படித்துவிடுகிறார்கள். ‘விலங்குப் பதிவேடு’ என்றே விட்டுவிடலாம்.

‘குறிமணி’ என்று கனடாவிலிருந்து அம்மா ஒருவர் முன்மொழிந்தது அழகான சொல். எனினும் மாட்டோடு ‘மணி’யைச் சேர்த்தால் கழுத்தில் ஒலிக்கும் மணிதான் முதலில் காதில் விழும்.

அடையாளம் என்பதே இங்கு முதன்மை என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த ஆசிரியை ஒருவர், பிரான்சில் இருக்கும் மகளிடம் நிரந்தரமாகச் செல்லப் புறப்பட்டபோது தம் நாயையும் அழைத்துச் செல்ல விரும்பினார். நாய்க்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஒழுங்காக ஏற்றப்பட்டிருந்தது, அட்டையும் இருந்தது. ஊசிக்குறியை அதற்குப் பின்னர் இட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி குறி முதலில், தடுப்பூசி பிறகு. வரிசை மாறினால் அத்தடுப்பூசி ஏற்றப்படாததற்குச் சமம். எண்ணில்லாத உடலில் ஏற்றிய மருந்து எந்த நாய்க்கு ஏற்றியது என்பதை அந்த அட்டையால் நிறுவ முடியாதல்லவா? மீண்டும் தடுப்பூசி, அதிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு என்று அவருடைய பயணம் தள்ளிப்போனது. அவர் அந்நாள்களில் எங்கள் வாசலில் நின்று, “இந்தக் குறியை முதலே போட்டிருக்கலாமே” என்றுதான் சொன்னார். சில்லு என்றோ சிப் என்றோ அவர் சொல்லவில்லை; ‘குறி’ என்ற சொல்லை நானும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

*

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்னையில் வளர்ப்பு விலங்கு மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில் சில சொற்கள். எங்களிடம் வருவோர் ‘சிப்பு’ என்றே சொல்கிறார்கள். மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப் பொருத்தத் தொடங்கிய பிறகு அச்சொல் இன்னும் பரவிவிட்டது. நுண்சில்லு என்பது நாளிதழ்த் தமிழ். ஆகவே உங்கள் மாற்றுச் சொல்லை நான் எதிர்க்கவில்லை, ஆனால் மூன்று ஐயங்கள் உண்டு.

சொல்லக் கூச்சமான முதல் ஐயத்தை நேரே சொல்லிவிடுகிறேன். மருத்துவ எழுத்தில் ‘குறி’ என்பது பிறப்புறுப்பு. ஆண் நாய்க்குக் கருத்தடை செய்து அன்றே மைக்ரோசிப்பும் பொருத்தும்போது, ஒரே அறிக்கையில் இரண்டையும் எழுத நேரும். நான் சிரிக்க மாட்டேன். என் உதவியாளர் சிரிப்பார்.

இரண்டாவது, மாடுகள். இங்கே மாட்டுக்கு 12 இலக்க எண் பொறித்த ‘காதுவில்லை’ குத்துகிறோம். அதில் இருப்பது பட்டைக்குறியீடு, மின்சுற்று இல்லை. ஆனால் பல நாடுகளில் காதுவில்லைக்குள்ளேயே நீங்கள் விளக்கிய சுருளும் சுற்றும் இருக்கின்றன. இறைச்சிக்குப் போகும் விலங்கில் கண்ணாடிக் குழலைத் தோலடியில் செலுத்தினால் அது இடம்பெயர்ந்து இறைச்சியில் கலக்கக்கூடும் என்பதால், அங்கெல்லாம் ஊசி வழியைத் தவிர்க்கிறார்கள். அந்த வில்லைக்கு ஊசிக்குறி என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவதும் அதோடு சேர்ந்ததே. அதே சுற்றைக் கனமான பீங்கான் உருளைக்குள் வைத்து, மாட்டின் தொண்டை வழியாக விழுங்கச் செய்யும் முறை ஒன்று உண்டு. எடை காரணமாக அது இரண்டாம் இரைப்பையில் தங்கிவிடும். வாழ்நாள் முழுதும் வெளியே வராது. அதற்கும் ஒரு பெயர் வேண்டும். கால்நடைக் கல்லூரியில் படித்தபோது நாங்கள் அதை ஆங்கிலச் சொல்லாலேயே குறித்தோம்.

*

மதிப்புக்குரிய வைத்தியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இரண்டாம் ஐயம் என் கடிதத்தின் குறையைச் சரியாகத் தொட்டுவிட்டது. ஊசியால் இடுவதற்கு மட்டுமே பெயரிட்டு, அதையே முழுத் தொழினுட்பத்துக்கும் போர்த்தப் பார்த்தேன். பொதுப்பெயராக ‘மின்குறி’ என்பதை வைத்துக்கொண்டு, அதன் வகைகளுள் ஒன்றாக ஊசிக்குறியைக் கொள்வதே ஒழுங்கு. மின்கலம் இல்லாத பொருளுக்கு மின்குறி என்ற பெயர் தகுமா என்று யாரேனும் கேட்டால், வருடி ஊட்டும் மின்னால் பேசுவதால் தகும் என்பேன்.

‘காதுவில்லை’யை இரு கைகளாலும் ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் ‘தோடு’ என்பார்கள், சிலர் ‘காதுப்பட்டி’ என்றும் எழுதுகிறார்கள். பட்டி என்பது இங்கே மாட்டுத் தொழுவமும் மந்தையும் ஆதலால் அது நல்ல சொல்லன்று. மின்சுற்று உள்ளதை ‘மின்வில்லை’ என்று பிரித்துச் சொல்லலாம்.

முதல் ஐயத்துக்கு வருகிறேன். தனித்து நிற்கும் ‘குறி’ தாங்கள் சொல்லும் பொருளைத் தரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கேள்விக்குறி, நோயின் அறிகுறி, நிறுத்தற்குறி ஆகியவற்றை எழுதும்போது எவரும் கூசுவதில்லை. முன்னால் வரும் சொல் பொருளைக் கட்டிவிடுகிறது. நோயின் அறிகுறியைத் தாங்கள் அறிக்கைதோறும் எழுதுகிறீர்கள், தங்கள் உதவியாளர் சிரிப்பதில்லை. ஊசிக்குறி என்பதை எப்போதும் முழுச்சொல்லாகவே எழுதுவோம், ‘குறி’ என்று சுருக்கமாட்டோம் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் போதும். ஒழுங்கை ஆசிரியை சுருக்கித்தான் சொன்னார். அவர் மொழியாசிரியர், அவருக்கு மன்னிப்பு உண்டு.

யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில் உரியவரின்றித் திரியும் கட்டாக்காலிக் குதிரைகளுக்கு என்றேனும் இதை இடும் நாள் வந்தால், அங்கும் ஊசிக்குறியே பொருந்தும். குதிரைக்கு வழக்கமாகக் கழுத்தின் இடப்பக்கத்தில், பிடரிமயிருக்குக் கீழுள்ள தசைநாரில் இடுகிறார்கள். வருடுவோர் எந்தப் பக்கத்தில் தேடுவது என்பதைப் பிரசுரத்தில் சேர்க்கத் தங்கள் கடிதம் நினைவூட்டியது.

எஞ்சியிருப்பது மாடு விழுங்கும் பீங்கான் உருளை. ‘இரைப்பைக் குறி’, ‘விழுங்குகுறி’ என்று இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன். பிறகு சந்தியில் உள்ள மருந்துக் கடைக்குக் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனபோது, கடைக்காரர் உறையில் போட்டு, “காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு, குளிசை சாப்பாட்டுக்குப் பிறகு” என்று நீட்டினார். தமிழகத்தார் மாத்திரை என்பதை நாங்கள் குளிசை என்போம். தங்கள் பக்கத்தில் அச்சொல் ‘குளிகை’ என்ற வடிவில் சித்தர் பாடல்களோடு நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். அங்கே அது வாயில் அடக்கிக்கொண்டு வானில் பறப்பதற்கான இரசமணி, அதாவது பாதரசத்தைக் கட்டிச் செய்த மணி. மாடு பறக்கப்போவதில்லை என்றாலும், விழுங்கி உள்ளே வைத்திருப்பதற்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ‘மின்குளிசை’ என்று எழுதலாமா? தங்கள் மறுமொழி வந்த பின்னரே பிரசுரத்தை அச்சுக்குக் கொடுப்பேன்.