தமிழ் வகுப்புக்கு டீச்சர் இல்லை: எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்தில் என்ன கேட்பது?

வேலந்தாவளம் அம்மா:
வணக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊர் எங்களுடையது. மகள் அரசு எல்.பி. பள்ளியில் (தொடக்கப் பள்ளி) தமிழ் மீடியம் மூன்றாம் வகுப்பு. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து நிரந்தர டீச்சர் இல்லை. தினக்கூலிக்கு வரும் டீச்சர் தங்கமான பெண், ஆனால் அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அரசு கொடுத்த கணக்குப் புத்தகமோ தமிழில். நோட்டில் கூட்டல், கழித்தல் எல்லாம் சரி என்று டிக் போட்டிருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால், தேங்காய் விலை, பஸ் டிக்கெட் என்று வாக்கியமாக வரும் கணக்குகளுக்குக் கீழே உள்ள கட்டமெல்லாம் வெறுமையாகக் கிடக்கிறது. டீச்சரால் வாசிக்க முடியாததைத் தாண்டிப் போகிறார்கள். பிள்ளை என்ன செய்வாள்?

நான் எஸ்.எம்.சி. உறுப்பினர். போன கூட்டத்தில் இதை எடுத்தேன். "போஸ்டிங் பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) மூலம்தான் வரும், நம்ம கையில் இல்லை" என்று சொல்லிவிட்டு, சமையலறை ஓடு மாற்றும் பேச்சுக்குப் போய்விட்டார்கள். மினிட்ஸ் மலையாளத்தில். வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் பேசினது அதில் ஒரு வரிகூட இல்லை. புதன்கிழமை அடுத்த கூட்டம். என்ன கேட்டால் அசைவார்கள்?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அம்மா, வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுத்து, நகலில் எச்.எம். கையெழுத்து வாங்குங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் 22ஆம் பிரிவுப்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதே எஸ்.எம்.சி.யின் வேலை. தமிழ் டீச்சர் தேவை என்பதை அதில் ஏற்றச் சொல்லுங்கள். ஆசிரியர் காலியிடம் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது 26ஆம் பிரிவு. முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது 29. நிரந்தரப் போஸ்டிங் பி.எஸ்.சி. கையில் என்பது சரிதான். தினக்கூலி டீச்சருக்கு நேர்முகம் பள்ளியில்தானே நடக்கிறது? தமிழில் படித்தவர் வேண்டும் என்று அறிவிப்பிலேயே போடலாமே.

மூணாறுக்காரன்:
கோபப்படாதீங்க அக்கா. எஸ்டேட் பள்ளியில் இதே கதைதான். நான் பையனை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றிவிட்டேன். அவர்கள் ஆள் போடுவதற்குள் பிள்ளையின் வருஷம் போய்விடும்.

வேலந்தாவளம் அம்மா:
உங்களைக் குறை சொல்ல மாட்டேன் தம்பி. எங்கள் ஊரிலும் வேன் கட்டணம் கட்ட முடிந்தவர்கள் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது தோப்பு வேலைக்கும் சூளைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். ஜூனில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் பிள்ளைகளைத் தலை எண்ணும்போது தமிழ்ப் பிரிவில் எண்ணிக்கை விழுந்தால், காலியாக இருக்கிற போஸ்டும் அப்புறம் இல்லாமல் போகும். அந்தப் பிள்ளைகளை யார் கேட்பது?

எருத்தேம்பதி:
எஸ்.எம்.சி.யில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தை மதியம் வைத்தால் கூலிக்குப் போகிற அம்மாக்கள் எப்படி வருவார்கள்? முதலில் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். அரசு எல்.பி. பள்ளி கிராமப் பஞ்சாயத்துப் பொறுப்பில் இருப்பது, அதனால் வார்டு மெம்பரையும் உட்கார வையுங்கள். கிராம சபையிலும் எழுப்புங்கள். ஏ.இ.ஓ.வுக்கு (உதவிக் கல்வி அலுவலர்) ஒரு நகல்.

வேலந்தாவளம் அம்மா:
நன்றி. மனுவை இன்றிரவே எழுதி, மற்ற அம்மாக்களிடமும் கையெழுத்து வாங்குகிறேன். 29ஆம் பிரிவின் வாசகம் மலையாளத்தில் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். கூட்டத்தில் எச்.எம்.மே வாசிக்கட்டும்.